யாழ்ப்பாணத்திலிருந்து முதற் பாடலை வெளியிடுவோருக்கு: லேபிள்கள் இயங்கும் விதமும் நீங்கள் செய்ய வேண்டியவையும்

யாழ்ப்பாணத்தில் நல்ல ஒலிப்பதிவு செய்ய வழியில்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் ஓர் அறைக்குள் கணினியையும் ஒலிவாங்கியையும் வைத்துக்கொண்டு தரமாக வேலை செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் இணுவிலும் அளவெட்டியும் இருக்கின்றன. மருதனார்மடத்தில் இசை படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. சிக்கல் தொடங்குவது பதிவு முடிந்த பிறகுதான். பாடல் யாருடையது, அதை யார் விற்பது, பணம் யாருடைய கணக்குக்கு வருவது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமலே பல பாடல்கள் யூடியூபில் ஏறிவிடுகின்றன. பாடல் ஓடாவிட்டால் ஒருவரும் கவலைப்படுவதில்லை. ஓடிவிட்டால் நண்பர்கள் பகைவர்களாகிறார்கள்.

பாடல்களின் ஒலிப்பதிவுகளை வெளியிட்டு விற்கும் நிறுவனத்தை லேபிள் என்பார்கள். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். முதற் பாடலை வெளியிடப் போகிற ஒருவருக்கு என் ஆலோசனையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மூலப்பதிவை விற்காதீர்கள். தேவைப்பட்டால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் கொடுங்கள். லேபிள் செய்யும் சந்தைப்படுத்தலில் உங்கள் கைக்கு எட்டுவதை நீங்களே செய்யுங்கள்.

ஒரு பாடலுக்கு இரண்டு உரிமைகள்

வரிகளும் மெட்டும் சேர்ந்தது ஓர் உரிமை. அது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. அந்தப் பாடலைப் பாடி, வாசித்து, பதிவு செய்த ஒலி இன்னோர் உரிமை. இந்த மூலப்பதிவைத்தான் தொழிலில் மாஸ்டர் என்கிறார்கள். ஒரே பாடலைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பதிவு செய்தால் பாடல் ஒன்று, மாஸ்டர்கள் பத்து. லேபிள்கள் வாங்குவதும் விற்பதும் மாஸ்டரை. வரிகள், மெட்டு சார்ந்த உரிமையைக் கவனிப்பவை இசை வெளியீட்டு நிறுவனங்களும் உரிமைச் சங்கங்களும்.

இலங்கையில் இவை இரண்டையும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாக்கிறது. படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் வரிகளுக்கும் மெட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுகள். பதிப்புரிமை பெற எங்கும் போய்ப் பதிவு செய்யத் தேவையில்லை. படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் பிறந்த உரிமை யாருடையது என்பதைக் காட்ட எழுத்து வேண்டும்.

பெரியவர்களும் சுயாதீனர்களும்

உலகில் பெரிய லேபிள் குழுமங்கள் மூன்று: யுனிவர்சல், சோனி, வார்னர். நான்காவதாக இருந்த இ.எம்.ஐ. 2012இல் பிரித்து விற்கப்பட்டது; அதன் ஒலிப்பதிவுகளில் பெரும்பகுதி யுனிவர்சலுக்குப் போனது. இந்த நிறுவனங்களுக்குள் கலைஞர்களைத் தேடி எடுக்கும் பிரிவு ஒன்று இருக்கும். ஏ அண்ட் ஆர் என்று அழைப்பார்கள். வானொலிக்கும் இசைத் தளங்களுக்கும் பாடலைக் கொண்டுசேர்ப்பவர்கள், விளம்பரம் செய்பவர்கள், படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பாடலை உரிமம் கொடுப்பவர்கள், ராயல்டி எனப்படும் வருமானப் பங்கின் கணக்குப் பார்ப்பவர்கள், சட்டத்தரணிகள் என்று மற்றவர்கள் அதைச் சுற்றி இருப்பார்கள்.

இவர்கள் வெளியிடும் பாடல்களில் பெரும்பாலானவை போட்ட பணத்தைத் திருப்பித் தருவதில்லை. ஓடுகிற சில பாடல்கள் மற்றவற்றின் நட்டத்தையும் சுமக்கின்றன. அதற்கு அடியில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த பழைய பாடல்கள், செலவு எதுவும் இல்லாமல் வருமானம் தந்துகொண்டிருக்கின்றன. பெரிய லேபிள் ஒன்று மாஸ்டரை நீண்ட காலத்துக்கு, முடிந்தால் என்றென்றைக்கும் கேட்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் பாடல் இந்த ஆண்டு ஓடாவிட்டாலும் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு படக் காட்சியில் ஓடக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மூன்று குழுமங்களையும் சேராத சுயாதீன லேபிள்கள் சிறியவை. ஓரிருவர் நடத்துவதும் உண்டு, உலகப் புகழ் பெற்றவையும் உண்டு. நமக்கு நெருக்கமான உதாரணம் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். சிறுவயதின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்தவர். அவருடைய முதல் தனிப்பாடலை 2003இல் ஒரு சிறிய லேபிள் 500 இசைத்தட்டுகள் மட்டும் அடித்து வெளியிட்டது. அது இசைக்கூடங்களில் பரவிய பிறகு, லண்டனின் சுயாதீன லேபிளான எக்ஸ்.எல். அவரை ஒப்பந்தம் செய்தது. 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்பை அமெரிக்காவில் கொண்டுபோனது யுனிவர்சலைச் சேர்ந்த இன்டர்ஸ்கோப். சிறியவர் சோதித்துப் பார்க்கிறார், நடுத்தரமானவர் வளர்க்கிறார், பெரியவர் பரப்புகிறார். உலகெங்கும் பல கலைஞர்கள் இந்த ஏணியில்தான் ஏறியிருக்கிறார்கள். ஒரே லேபிளுக்கு உலகம் முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, நாட்டுக்கு நாடு உரிமையைப் பிரிக்கலாம் என்பதற்கும் இது சான்று.

இப்போது இரண்டுக்கும் இடையிலான கோடு மங்கிவிட்டது. சுயாதீனக் கலைஞர்களின் பாடல்களை விநியோகிக்கும் தி ஓர்ச்சார்ட் சோனிக்குச் சொந்தம். மறுபுறம், சுயாதீன லேபிள்கள் மெர்லின் என்ற அமைப்பின் கீழ்ச் சேர்ந்து ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுடன் ஒன்றாகப் பேரம் பேசுகின்றன.

தமிழ்ச் சூழலுக்கு வேறொரு வரலாறு உண்டு. சென்னையின் ஆடியோ நிறுவனங்கள் திரைப்படப் பாடல்களில் வளர்ந்தவை. தயாரிப்பாளருக்கு ஒரு தொகை கொடுத்துப் படத்தின் இசை உரிமையை மொத்தமாக வாங்குவது அங்கு நெடுநாள் பழக்கம். தனிப்பாடல்கள் பெருகிய பிறகும் ‘ஒரு தொகை வாங்கிக்கொள், எல்லாவற்றையும் எழுதிக் கொடு’ என்ற அதே மனநிலையை நீங்கள் சந்திக்கலாம். ஏ. ஆர். ரகுமானின் ஆதரவுடன் 2021இல் தொடங்கிய மாஜா போன்ற சுயாதீனத் தளங்கள் வேறு வழியை முன்வைத்தன. ஆனால் அதன் மிகப் பெரிய வெற்றிப் பாடலின் வருமானம் பற்றி 2024இல் இசையமைப்பாளரும் அந்த நிறுவனமும் பகிரங்கமாக முரண்பட்டார்கள். பாடல் எவ்வளவு பெரிதாக ஓடினாலும் கணக்கு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி கூடவே வரும்.

ஸ்டூடியோவை விட்டு வெளியேறும் முன்

நம் ஊர் ஸ்டூடியோக்களில் கடைசி நாள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். “தம்பி, மிக்ஸ் முடிந்துவிட்டது, வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்” என்பார் ஒலிப்பதிவாளர். பாடகரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் கையில் இருப்பது சுருக்கப்பட்ட ஒரு எம்.பி.3 மட்டும். அந்த இடத்திலேயே நின்று, “அண்ணை, வேவ் கோப்பும், குரல் இல்லாத இசையும், ஒவ்வொரு வாத்தியத்தின் தனிக் கோப்பும் வேண்டும்” என்று கேளுங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு கொண்டு போங்கள். விநியோகத் தளங்கள் சுருக்கப்படாத வேவ் கோப்பைத்தான் எதிர்பார்க்கின்றன. தொலைக்காட்சிக்கோ படத்துக்கோ பாடலைக் கொடுக்கும் வாய்ப்பு வந்தால் குரல் இல்லாத பதிப்பை முதலில் கேட்பார்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து போனவர்கள் கைக்கு அகப்பட்டதை மட்டுமே எடுத்துக்கொண்டு போனார்கள். கசற்றுகளும் இசைத்தட்டுகளும் வீடுகளோடு போய்விட்டன. அமைதிக் காலத்தில் நாம் பதிவு செய்த பாடல்கள், யாரோ ஒருவருடைய கணினி பழுதானதால் அழிந்துபோக விடக்கூடாது. இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

அடுத்தது பங்குத் தாள். ஒரு பக்கம் போதும். பாடலின் பெயர், பதிவு முடிந்த திகதி. வரிகள் எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், வரிகள், மெட்டு உரிமையில் ஒவ்வொருவருக்கும் எத்தனை வீதம். அதன் கீழே மாஸ்டரில் யாருக்கு எத்தனை வீதம். தவில் வாசித்தவர் ஒரு முறை கூலி பெற்றுக்கொண்டாரா, பங்கு உண்டா. காணொளிக்குப் பணம் போட்டவருக்கு அந்தப் பணம் கடனா, முதலீடா. எல்லாரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள். ‘நமக்குள் என்ன எழுத்து’ என்று யாராவது சொன்னால் கோபிக்காமல் பேனாவை நீட்டுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம்.

பீட் எனப்படும் ஆயத்தப் பின்னணி இசையை இணையத்தில் வாங்கி அதன் மேல் பாடியிருந்தால் இன்னும் கவனம் தேவை. மலிவாகக் கிடைக்கும் உரிமங்களில் பெரும்பாலானவை தனியுரிமை தராதவை. அதே இசையை இன்னும் பலர் வாங்கியிருப்பார்கள். அப்படியான பாடலை, ஒலியை அடையாளம் கண்டு தானாக உரிமைகோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்தால் மற்றவர்களின் காணொளிகள் மீது தவறான உரிமைகோரல் எழும், முடிவில் உங்கள் கணக்கே முடங்கலாம். திரைப்பாடல்களை மீண்டும் பாடி ஏற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் வரும் விளம்பரப் பணம் பெரும்பாலும் பாடலின் உரிமையாளருக்கே போகும். பெயர் பரவ உதவலாம், வருமானமாக எண்ண வேண்டாம்.

விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்குத் தனிமனிதர் நேரடியாகப் பாடல் அனுப்ப முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை ஆண்டுச் சந்தா வாங்குகின்றன. சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரு முறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. சந்தா முறையில், கட்டுவதை நிறுத்தினால் பாடல்கள் தளங்களிலிருந்து இறங்கிவிடலாம். ஆண்டுக்கு ஒரு பாடல் மட்டும் வெளியிடுபவருக்கு இது முக்கியம்.

இலங்கையில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பணம் வரும் வழியை. நீண்ட காலமாக இங்கு பேபால் மூலம் பணம் அனுப்ப முடிந்ததே தவிரப் பெற முடியவில்லை. பேபால் மூலம் மட்டும் பணம் தரும் தளத்தில் பாடலை விற்றால் பணம் அங்கேயே தேங்கி நிற்கும். பேயோனியர் என்ற பணமாற்றுச் சேவை அல்லது நேரடி வங்கி மாற்றம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்யுங்கள். கனடாவில் இருக்கும் மச்சானின் கணக்குக்குப் பணத்தை வரவிடுவது நம்மவர்களிடையே வழக்கம். செய்யலாம், ஆனால் பங்குத் தாளில் அதையும் எழுதுங்கள். விநியோகத் தளக் கணக்கின் உரிமையாளர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும்.

பாடலை ஏற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்துக் குறியீடு கிடைக்கும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறு விநியோகஸ்தரிடம் மாறினால் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடர வாய்ப்புண்டு. உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு முறை முடிவு செய்துவிட்டு மாற்றாதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் தளம் உங்களை வேறொரு கலைஞராக எண்ணிவிடும். உங்கள் பெயரில் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே தேடிப் பாருங்கள். லேபிள் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயரையோ நீங்கள் வைத்த நிறுவனப் பெயரையோ போடலாம். தொடர்ந்து வெளியிடும் எண்ணம் இருந்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராகப் பதிந்து வங்கிக் கணக்குத் திறந்துவிடுங்கள். அந்த நாளிலிருந்து நீங்களும் ஒரு சுயாதீன லேபிள்தான்.

வரிகள், மெட்டுக்கான ராயல்டியை விநியோகஸ்தர் பொதுவாகச் சேர்த்துத் தருவதில்லை. அதை உரிமைச் சங்கங்கள்தான் சேர்க்கின்றன. பாடலாசிரியர் ரொறன்ரோவில் இருந்தால் கனடாவின் சோகானிலும், லண்டனில் இருந்தால் பிரித்தானியாவின் பி.ஆர்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராகலாம்.

வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பிருந்து

பெரிய லேபிள்களின் சந்தைப்படுத்தலில் நாம் கற்க வேண்டியது பண பலத்தை விட முன்கூட்டியே திட்டமிடும் ஒழுங்கை. பாடல் முடிந்த மறுநாளே அவர்கள் வெளியிடுவதில்லை. கோப்புகள், அட்டைப் படம், குறுங்காணொளிகள், செய்திக் குறிப்பு எல்லாம் தயாரான பிறகே திகதி அறிவிக்கிறார்கள். 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் முன்பு விநியோகஸ்தரிடம் பாடலை ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிஃபை தரும் கலைஞர் பக்கத்தில் நுழைந்து, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் பாடலை அவர்களுடைய பட்டியல் ஆசிரியர்களுக்கு முன்மொழியுங்கள். ஆசிரியர் எடுக்காவிட்டாலும், அப்படி முன்மொழிந்த பாடல் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதிய பாடல் பட்டியலில் போய்ச் சேரும். கட்டணம் எதுவும் இல்லை. ஆனாலும் நம் கலைஞர்களில் பலர் வெளியான பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். அப்போது முன்மொழிய முடியாது.

அடுத்த மூன்று வாரங்களில் பாடலின் மிகக் கவர்ச்சியான பதினைந்து வினாடிகளை எடுத்து வேறு வேறு காட்சிகளோடு பல குறுங்காணொளிகள் செய்யுங்கள். இந்தியாவில் டிக்டொக் 2020 ஜூனிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அது ஓடுகிறது. ஆகவே சென்னைக்கு எட்ட வேண்டுமானால் ரீல்ஸும் யூடியூப் ஷோர்ட்ஸும், புலம்பெயர் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டுமானால் டிக்டொக்கும் தேவை. சென்னைக்காரர்களின் விளம்பரத் திட்டத்தை அப்படியே பார்த்து எழுதினால் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் உண்மையான ரசிகர்களைத் தவறவிடுவீர்கள்.

புலம்பெயர்ந்தவர்களை நான் வலியுறுத்துவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. தளங்கள் பணத்தைக் கணக்கிடும்போது கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது கணக்கை மாற்றுகிறது. சந்தாவும் விளம்பர விலையும் கூடிய கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, நோர்வே போன்ற நாடுகளில் ஒரு கேட்பு, இலங்கையில் ஒரு கேட்பை விட அதிகம் ஈட்டும். பாடல் வெளிவந்த மறுநாள் யூடியூபில் காணொளியின் முதற்காட்சி வைப்பதாக இருந்தால், இலங்கை நேரப்படி சனிக்கிழமை இரவு 8.30க்கு வையுங்கள். கோடைகாலத்தில் அது ரொறன்ரோவில் காலை 11 மணி, லண்டனில் மாலை 4 மணி, பாரிஸில் மாலை 5 மணி. மூன்று கண்டங்களில் இருக்கும் உறவுகள் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் வேளை அது.

வானொலியை மறக்காதீர்கள். சக்தி, சூரியன் போன்ற உள்நாட்டு அலைவரிசைகளுக்கும் ரொறன்ரோ, லண்டன் தமிழ் வானொலிகளுக்கும் நிகழ்ச்சி தயாரிப்பவரின் பெயரைத் தேடி எழுதுங்கள். பாடலும் நான்கு வரிக் குறிப்பும் ஒரு நல்ல படமும் போதும். பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாடுகளில் ஆண்டுதோறும் கலைவிழா நடத்துகின்றன. மேடையில் உங்கள் பாடலுக்கு ஆடப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வெளிநாட்டிலிருந்து வருவோர் ஊர் நிறைய இருப்பார்கள். பொருத்தமான பாடல் என்றால் அதற்குச் சற்று முன் வெளியிடுவது எந்த விளம்பரத்தை விடவும் பலன் தரும்.

காசு கொடுத்தால் இலட்சம் கேட்புகள் தருகிறோம் என்பவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவை இயந்திரக் கேட்புகள். தளம் கண்டுபிடித்தால் கேட்புகள் கழிக்கப்படும், விநியோகஸ்தருக்கு அபராதம் விழலாம், பாடல் அகற்றப்படலாம். கூலிக்கு வந்த எண்ணிக்கை எந்த லேபிளையும் ஏமாற்றாது. எந்த நகரத்தில் யார் எத்தனை தடவை திரும்பிக் கேட்டார்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

லேபிள் ஒன்று தேடி வந்தால்

மகிழ்ச்சியடையுங்கள், பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு லேபிள் உங்களுக்கு 3 இலட்சம் ரூபாய் முற்பணம் தருகிறது, காணொளிக்கு 5 இலட்சம் செலவிடுகிறது, உங்கள் ராயல்டி 20 வீதம் என்று வைத்துக்கொள்வோம். பாடல் 10 இலட்சம் ஈட்டுகிறது. உங்கள் பங்கு 2 இலட்சம். ஆனால் முற்பணமும் காணொளிச் செலவும் உங்கள் பங்கிலிருந்துதான் கழிக்கப்படும் என்று ஒப்பந்தம் சொன்னால் நீங்கள் இன்னும் 6 இலட்சம் கடனில் நிற்கிறீர்கள். 8 இலட்சம் செலவிட்ட லேபிள் ஏற்கெனவே 2 இலட்சம் இலாபத்தில் இருக்கிறது. மேலதிகமாக ஒரு ரூபாய் உங்கள் கைக்கு வர, பாடல் 40 இலட்சத்தைத் தாண்ட வேண்டும். மாஸ்டரோ அவர்களுடையது.

அதே எண்களை இலாபத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் உரிம ஒப்பந்தத்தில் போட்டுப் பாருங்கள். 10 இலட்சத்தில் 8 இலட்சம் செலவு போக மிச்சம் 2 இலட்சம், ஆளுக்கு ஓர் இலட்சம். 5 அல்லது 7 ஆண்டுகள் கழித்து மாஸ்டர் உங்களிடம் திரும்பும். பல சுயாதீன லேபிள்கள் இப்படி உடன்படுகின்றன. கேட்காவிட்டால் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக, இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். காலத்தையும் நாடுகளையும் குறைக்கக் கேளுங்கள். எந்தச் செலவு கழிக்கப்படும், அதற்கு உங்கள் சம்மதம் வேண்டுமா, ஆண்டுக்கு எத்தனை முறை கணக்கு வரும், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை உண்டா, அடுத்த பாடல்களையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டுமா, மேடை வருமானத்தில் பங்கு கேட்கிறார்களா, உங்கள் குரலைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக் குரல் செய்ய அனுமதி கேட்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆங்கில ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கித் தரக்கூடிய சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் கையொப்பம் வேண்டாம். ‘இன்றைக்கே வேண்டும்’ என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு கிழமை அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த லேபிள் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிடும்.

பணம் வரும்போது

யூடியூபில் முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதங்களில் 4,000 பார்வை மணித்தியாலங்களும் தேவை. ஷோர்ட்ஸ் வழியாக என்றால் 90 நாட்களில் 1 கோடி பார்வைகள். ஸ்பொட்டிஃபையில் 2024இலிருந்து ஒரு பாடல் கடந்த 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் மாஸ்டருக்கான பணம் கணக்கில் சேரும். ஒரே நேரத்தில் பத்துப் பாடல்களை இறக்கிப் பத்தையும் அந்த எல்லைக்குக் கீழே கிடக்க விடுவதை விட, ஒவ்வொன்றாக வெளியிட்டு ஒவ்வொன்றையும் எல்லை தாண்டச் செய்வது மேல்.

அமெரிக்க நிறுவனங்கள் வரிப் படிவம் கேட்கும். டபிள்யூ-8பென் என்ற படிவத்தில் இலங்கை - அமெரிக்க வரி உடன்படிக்கையைக் குறிப்பிட்டால் அமெரிக்காவிலிருந்து வரும் பதிப்புரிமை ராயல்டியில் 30 வீதத்துக்குப் பதிலாக 10 வீதமே பிடிப்பார்கள். பலர் இந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

கேட்புக்கும் பணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மாதங்கள் ஓடும். முதல் அறிக்கையில் தொகை சிறிதாக இருக்கும். அதைக் கணக்குத் தாளில் பதிந்து, பங்குத் தாளில் உள்ள வீதப்படி பிரித்து, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அந்த மாதமே அறிக்கையின் பிரதியுடன் அனுப்புங்கள். தொகை மிகச் சிறிதாக இருந்தால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சேர்த்துக் கொடுப்பது என்பதை அவர்களோடு பேசி, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.